உடைந்த தகடுகளும் ஊக்கத்தொகையும்: திருகோணமலையில் ஒரு கண்ணாடிக் கலைக்கூடத்தின் மாணவர் உள்ளகப் பயிற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

திருகோணமலை நகரில், 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவுபெற்று, இலாப நோக்கின்றி இயங்கும் சிறிய கண்ணாடிக் கலைக்கூடம் ஒன்று, 2025 தைப்பொங்கல் முடிந்த கையோடு மூன்று மாணவர்களை ஆறு மாத காலத்துக்குக் கொடுப்பனவுடன் உள்ளகப் பயிலுநர்களாகச் சேர்த்துக்கொண்டது. அந்த ஆறு மாதங்களில் நடந்தவற்றை, கூடத்தின் சூளைக் குறிப்பேடு, கொடுப்பனவுப் பதிவேடு, பயிலுநர்களுடனும் பயிற்றுநருடனும் நடத்திய உரையாடல்கள் ஆகியவற்றைக் கொண்டு இவ்வாய்வு ஆராய்கின்றது. கூடத்தின் பெயரும் தொடர்புடையவர்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

பயிலுநர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி தொடக்கத்திலேயே தீர்ந்துவிட்டது. எதை அளந்து கொடுப்பது என்ற கேள்வியோ எவராலும் எழுப்பப்படவில்லை. சூளையில் நேர்ந்த சேதத்துக்கும், பின்னர் நிர்வாகக் குழுவில் எழுந்த தர்க்கத்துக்கும் அந்த இரண்டாவது கேள்வியே வேராக இருந்தது என்பது என் கணிப்பு.

கூடமும் அதன் கண்ணாடியும்

இங்கு கண்ணாடி ஊதும் உலை கிடையாது. ஊதுவதற்கான உலையை ஏறத்தாழ 1,100 பாகை செல்சியஸில் இரவுபகலாக எரியவிட வேண்டும். நன்கொடையில் நடக்கும் எந்த நிறுவனமும் இன்றைய மின், எரிவாயுக் கட்டணங்களில் அதைத் தாங்காது. ஆகவே தேவைப்படும்போது மட்டும் ஏற்றக்கூடிய இரண்டு மின்சூளைகளைக் கொண்டே வேலை நடக்கின்றது. வெட்டிய கண்ணாடித் துண்டுகளை அடுக்கி உருக்கி ஒட்டுவதும், ஒட்டிய தகட்டை அச்சின் மேல் வைத்து மீண்டும் சூடாக்கி வளைப்பதுமே முதன்மையான தொழில்கள். ஈயச் சட்டத்தில் வண்ணக் கண்ணாடி பொருத்தும் வேலை எப்போதாவது வரும்.

மூலப்பொருளுக்குப் பெரும் செலவில்லை. அலுமினியக் கதவும் ஜன்னலும் பொருத்தும் கடைகளில் மிஞ்சும் மிதவைக் கண்ணாடித் துண்டுகளும், உப்புவெளி, நிலாவெளி விடுதிகளிலிருந்து வரும் வெற்றுப் போத்தல்களும் போதும். பார்வையாளர்களில் பலர், புல்மோட்டை மணலிலிருந்தா இந்தக் கண்ணாடி வருகின்றது என்று கேட்பதுண்டு. புல்மோட்டையில் கிடைப்பவை இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கன் போன்ற பாரமான கனியங்கள். அவற்றிலுள்ள இரும்பு தெளிந்த கண்ணாடிக்கு ஆகாது. இலங்கையில் கண்ணாடிக்கு உகந்த வெண் சிலிக்கா மணலுக்குப் பெயர்போனது மேற்குக் கரையிலுள்ள நாத்தாண்டியா, மாரவிலப் பகுதியாகும்.

இலவசமாகக் கிடைக்கும் கண்ணாடிக்கு இன்னொரு விலை உண்டு. ஒரு கண்ணாடியும் இன்னொரு கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை. கலை வேலைக்கென்றே தயாரிக்கப்படும் வண்ணக் கண்ணாடிகள் 90 அல்லது 96 என்னும் விரிகைத்திறன் எண்ணுடன் விற்கப்படுவதால், ஒரே எண்ணுடையவற்றைச் சேர்த்து உருக்கலாம். போத்தலுக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் அத்தகைய உத்தரவாதம் எதுவுமில்லை. இரண்டையும் சேர்த்து உருக்கினால் சூளையிலிருந்து அழகாக வெளிவந்து, சில நாட்களில் ஒட்டிய எல்லையோரமாகவே வெடிக்கக்கூடும். வன்மைப்படுத்திய கண்ணாடியை வெட்டவே முடியாது. கீறியதும் பொடித்துண்டுகளாகச் சிதறிவிடும். மிதவைக் கண்ணாடியோ உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தயாரிக்கப்படுவதால், ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளீயப் படிவைக் கொண்டிருக்கும். குறுகிய அலைநீளப் புறஊதாக் கதிர் விளக்கின் கீழ் அந்தப் பக்கம் பால்போல் மங்கலாக ஒளிரும். அடுக்கும்போது எல்லாத் துண்டுகளிலும் அந்தப் பக்கம் ஒரே திசையில் இருக்க வேண்டுமென்பது பயிலுநர்கள் முதல் வாரத்தில் கற்ற பாடம்.

பயிற்றுநர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்ணாடிக் கடையில் வெட்டுவேலை செய்தவர். எல்லோருக்கும் அவர் பாஸ்தான். கண்ணாடியைத் தொட்ட மாத்திரத்தில் அதன் கனத்தைச் சொல்லக்கூடியவர். ஆனால், தான் அறிந்த எதையும் எழுதி வைத்தவரல்லர். இது பின்னர் முக்கியமாகின்றது.

யார் வந்தார்கள்

முந்தைய ஆண்டுகளில் கூடம் கொடுப்பனவு எதுவும் வழங்காமல் தொண்டர்களை எடுத்தது. வந்தவர்கள் அனைவரும் நகரத்துப் பிள்ளைகள். மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரக்கூடியவர்கள். கொட்டியாரக் குடாவைச் சுற்றிப் பஸ்ஸில் வர வேண்டிய மூதூர், கிண்ணியாப் பிள்ளைகள் விசாரித்துவிட்டுப் போனார்களே தவிர, ஒருவரும் சேரவில்லை. இலவசப் பயிற்சி எல்லோருக்கும் திறந்திருப்பதாகத் தோன்றினாலும், பஸ் கட்டணமும் மதிய உணவும் சேர்ந்து அதற்கு ஒரு வாசற்படியைக் கட்டிவிடுகின்றன. இலாப நோக்கற்ற நிறுவனங்களின் அறிக்கைகளில் இந்த வாசற்படிக்கு ஒரு வரி கூடக் கிடைப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

கொடுப்பனவு அறிவிக்கப்பட்டதும் விண்ணப்பித்தவர்களின் முகவரிகள் மாறின. தெரிவானவர்களில் முதலாமவர் மூதூரைச் சேர்ந்தவர். மட்டக்களப்பு கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் காண்பியக் கலை பயில்பவர். இரண்டாமவர் பாலையூற்றைச் சேர்ந்த தொழில்நுட்பக் கல்லூரி மாணவர். மூன்றாமவர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். வெள்ளத்தால் இடைநிறுத்தப்பட்டு டிசம்பர் இறுதி வரை நீண்ட 2024 உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டு வந்தவர். சூளை, ஈயம், அரைக்கும் பொறி ஆகியவை உள்ள இடமென்பதால் 18 வயது நிரம்பாதவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது என்று கூடம் விதித்திருந்தது. அது சரியான விதி.

உடன்படிக்கை இரண்டு பக்கங்களைக் கொண்டது. மாதக் கொடுப்பனவு 17,500 ரூபாய். 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டத்தின் 2024 திருத்தம் நிர்ணயித்த தொகையும் அதுவே. அத்துடன், விற்பனைக்கு ஏற்கப்படும் ஒவ்வொரு தகட்டுக்கும் 250 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. இந்த இரண்டாவது வாசகத்தை முன்மொழிந்தவர் நல்லெண்ணத்துடனேயே முன்மொழிந்தார். மாணவர்களின் உழைப்பால் வரும் வருமானத்தில் அவர்களுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்பது அவரது வாதம்.

பெப்ரவரி 9

கண்ணாடியை உருக்குவதை விட ஆற்றுவதே கடினமான வேலை. உச்ச வெப்பத்திலிருந்து இறங்கும் கண்ணாடியின் மேற்புறம் முந்திக் குளிர்ந்து இறுகி, உட்புறம் பிந்தினால், அந்த வேறுபாடு நிரந்தரத் தகைப்பாக, அதாவது உள் இறுக்கமாக, கண்ணாடிக்குள் பூட்டப்பட்டுவிடும். அதைத் தவிர்க்க, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் நிறுத்திவைத்து, உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வந்த பின்னர் மிக மெதுவாக இறக்க வேண்டும். கனம் இரட்டித்தால் இறக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். கலைக் கண்ணாடி தயாரிக்கும் புல்ஸ்ஐ நிறுவனத்தின் அட்டவணை, 12 மில்லிமீற்றர் கனத்துக்கு இரண்டு மணித்தியாலம் நிறுத்திவைக்கவும், அதன் பின் முதற்கட்டமாக மணிக்கு 55 பாகை வீதம் இறக்கவும் சொல்கின்றது. 25 மில்லிமீற்றருக்கு அது நான்கு மணித்தியாலமாகவும் மணிக்கு 15 பாகையாகவும் மாறுகின்றது.

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, கூடத்தின் பெரிய சூளை சரியாக அந்த நிறுத்திவைக்கும் கட்டத்தில் இருந்தது. அதிகாலையில் சூளையை ஏற்றியவர் மூதூர்ப் பயிலுநர். செய்தி அறிந்து வந்த பாஸ், சூளைக் கதவை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாதென்றும், மின்சாரம் திரும்பியதும் உடனே உச்சத்துக்கு ஏற்றாமல் மணிக்கு 80 பாகைக்கு மேற்படாமல் மெல்ல ஏற்றி, ஆற்றும் கட்டத்தை முதலிலிருந்து மீண்டும் செய்ய வேண்டுமென்றும் சொன்னார். மின்சாரம் திரும்பியபோது சூளை 300 பாகைக்குக் கீழே இறங்கியிருந்தது. இரவு வரை மாறிமாறிக் காத்திருந்து, மறுநாள் மாலையில் கதவைத் திறந்தபோது ஒரு தகடும் உடைந்திருக்கவில்லை.

கற்பித்தல் என்ற அளவில் இதைவிடச் சிறந்த நாள் அந்த ஆறு மாதங்களில் அமையவில்லை. ஆனால் கொடுப்பனவுப் பதிவேட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தப் பதிவும் இல்லை. காத்திருப்பதை எழுதுவதற்கு அதில் நிரலே கிடையாது. அந்த மாதத்துக்கான ஊக்கத்தொகை கணக்கிடப்பட்டபோது, சூளையருகே இரவு வரை இருந்த மூதூர்ப் பயிலுநருக்கு மற்றவர்களை விடக் குறைவாகவே கிடைத்தது. ஒரு சூளை ஏற்றத்துக்கு இரண்டு நாட்கள் செலவானதால் அவரது தகடுகளின் எண்ணிக்கை குறைந்துபோயிருந்தது.

மார்ச் மாத உடைவுகள்

நிலாவெளியிலுள்ள விருந்தினர் விடுதியொன்று, ஏப்ரலில் தொடங்கும் சுற்றுலாப் பருவத்துக்கு முன்னர் சுவர் விளக்குகளுக்கான மறைப்புத் தகடுகள் வேண்டுமென்று கேட்டிருந்தது. 6 மில்லிமீற்றர் மிதவைக் கண்ணாடி இரண்டை அடுக்கி, 820 பாகைக்கு மேல் உருக்கி ஒட்டி, மேற்புறத்தில் மீன் வடிவங்களைப் பதிக்கும் வேலை அது. கிண்ணியாப் பயிலுநர் நோன்பு காலமாதலால் விடிகாலையில் வந்து நண்பகலுடன் திரும்பினார். சூளையின் இரவு நேரப் பொறுப்பு மற்ற இருவரிடமும் இருந்தது.

மார்ச் மூன்றாம் வாரத்தில், பொதி செய்யும் மேசையில் கிடந்த தகடொன்று யாரும் தொடாமலே பிளந்தது. தொடர்ந்து வந்த நாட்களில் மேலும் மூன்று பிளந்தன. ஐந்தாவது, விடுதியின் சுவரில் பொருத்தப்பட்ட பின்னர் உடைந்தது. அதிர்ஷ்டவசமாகக் கீழே எவரும் இருக்கவில்லை.

முதலில் சந்தேகிக்கப்பட்டவை விளக்கின் சூடும், ஆணியை அளவுமீறி முறுக்கியதும் ஆகும். மேசையில் கிடந்த தகடுகளுக்கு இவ்விரண்டும் பொருந்தாது. போத்தல் துண்டு எதுவும் கலந்துவிட்டதா என்று அடுத்துப் பார்க்கப்பட்டது. விரிகைத்திறன் ஒவ்வாமையால் உடையும் கண்ணாடி, வேற்றுக் கண்ணாடியின் ஓரத்தைப் பின்பற்றியே பிளக்கும்; இவையோ மீன் வடிவங்களைப் பொருட்படுத்தாமல் தகட்டின் குறுக்கே வளைந்து ஓடியிருந்தன. பிளவின் விளிம்புகள் கூராக இருந்தன. சூடேறும்போது உடைந்திருந்தால், பின்னர் வந்த உச்ச வெப்பத்தில் விளிம்புகள் உருகி உருண்டிருக்கும். ஆகவே கோளாறு ஆறும் கட்டத்தில் அல்லது அதற்குப் பின்னர்தான் நேர்ந்திருக்க வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரி மாணவர், பழுதான கணினித் திரையிலிருந்து உரித்தெடுத்த, ஒளியை ஒரு திசை அதிர்வில் மட்டும் கடத்தும் முனைவாக்கத் தாள்கள் இரண்டை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, இடையில் இன்னும் உடையாத தகடுகளைப் பிடித்துப் பார்த்தார். தகைப்பில்லாத கண்ணாடி அங்கே இருளாகவே தெரியும். இவற்றின் ஓரங்களும் மூலைகளும் பளிச்சிட்டன.

விடை சூளைக் குறிப்பேட்டில் இருந்தது. அந்த வாரம் ஏற்றிய சூளைகளில் ஆற்றும் வெப்பநிலை 482 பாகை என்று எழுதப்பட்டிருந்தது. அந்த எண் தவறானதன்று; மேலே சொன்ன புல்ஸ்ஐ கண்ணாடிக்கு அதுவே சரியான வெப்பநிலை. ஆனால் மிதவைக் கண்ணாடி ஏறத்தாழ 545 பாகையில் ஆற்றப்பட வேண்டியது. 482 பாகைக்கு வருமுன்னரே அது இறுகிவிடுவதால், அங்கே இரண்டு மணித்தியாலம் என்ன, இருபது மணித்தியாலம் வைத்தாலும் பயன் சொற்பமே. மூதூர்ப் பயிலுநர் அந்த அட்டவணையை இணையத்தில் எடுத்திருந்தார். சூளையைத் திறந்த நேரங்களும் முந்தைய மாதத்தை விட முந்தியிருந்தன: வாரத்துக்கு இரண்டு ஏற்றங்கள் நடந்த இடத்தில் மூன்று நடந்திருந்தன.

நிர்வாகக் குழுவின் முதல் எண்ணம் இதை மாணவியின் கவனக்குறைவாகப் பதிவது என்பதாக இருந்தது. எனக்கு அது ஏற்புடையதாகத் தெரியவில்லை. சரியான எண் பாஸின் தலைக்குள் மட்டும் இருந்தது. சூளையருகே எழுதி ஒட்டப்பட்டிருக்கவில்லை. எழுத்தில் தேடிய மாணவிக்கு எழுத்தில் கிடைத்ததே கிடைத்தது. அவர் குறிப்பேட்டை நேர்மையாக எழுதியிருந்ததால்தான் காரணத்தை ஒரே பிற்பகலில் கண்டுபிடிக்க முடிந்தது. மூன்றாவது ஏற்றம் எங்கிருந்து வந்தது என்பதே இன்னும் கனமான கேள்வி. பெப்ரவரியில் பொறுமையாகக் காத்திருந்ததற்காகக் குறைவான பணம் பெற்ற ஒருவர், மார்ச்சில் விரைந்து செய்ததில் வியப்பில்லை. பதிவேடு அவருக்கு அதைத்தான் கற்பித்திருந்தது. தகடுகளின் எண்ணிக்கை நன்கொடையாளர்களுக்கான அறிக்கையிலும் இடம்பெற்றதால், மேலே இருந்தவர்களுக்கும் மூன்றாவது ஏற்றம் உறுத்தவில்லை.

விடுதிக்குக் கொடுத்த தகடுகள் அனைத்தும் திரும்பப் பெறப்பட்டன. உடையாதிருந்தவற்றை மெல்லச் சூடாக்கி 545 பாகைக்கு ஏற்றி, மீண்டும் முறைப்படி ஆற்றியதில் அவை தப்பின. முனைவாக்கத் தாள்களுக்கிடையே வைத்துப் பார்த்தபோது பளிச்சிடல் மறைந்திருந்தது. கனம், நிறுத்தும் நேரம், இறக்கும் வீதம் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய ஒற்றைத்தாள் அட்டவணை சூளைகளுக்கு மேலே ஒட்டப்பட்டது. அதைப் பாஸ் சொல்லச் சொல்ல எழுதியவர் கிண்ணியாப் பயிலுநர்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை கூடம் பொதுவாக ஒழுங்காகவே நடந்தது: அரைத்தல் எப்போதும் நீர் ஓடவிட்டே நடந்தது, சூளைத்தட்டுப் பூச்சுத் தூளை உலர்வாகப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தார்கள், ஈய வேலை நடக்கும் மேசையில் தேநீர்க் கோப்பைக்கு இடமில்லை. முகமூடிகள் மட்டும் உரிய காலத்தில் மாற்றப்படவில்லை.

கொடுப்பனவா, சம்பளமா

ஆகக்குறைந்த மாத வேதனம் 2025 ஏப்ரல் 1 முதல் 27,000 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது, பயிலுநர்கள் ஊழியர்களா என்ற கேள்வி தவிர்க்க முடியாததாயிற்று. குழுவில் சிலர், இது கல்விக்கான உதவுதொகை, வேதனமன்று என்றனர். பெயர் எதுவாயினும், குறித்த நேரத்துக்கு வந்து, ஒருவரின் கட்டளையின் கீழ், விற்பனைக்குப் போகும் பொருளைச் செய்பவர் ஊழியரல்லர் என்று தொழில் திணைக்களத்தின் முன் வாதிடுவது எளிதன்று. தகட்டுக்கு 250 ரூபாய் என்ற வாசகம் அந்த வாதத்தை மேலும் பலவீனமாக்கியது. படிப்புக்கு உதவுபவர் துண்டுக் கணக்கில் உதவுவதில்லை.

ஊழியர் சேமலாப நிதி குறித்தும் இதே இழுபறி நடந்தது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி தொழில்தருநர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும், 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில்தருநர் 3 சதவீதமும் செலுத்த வேண்டும். பத்துக்குக் குறைவானோர் பணிபுரியும் தரும நிறுவனங்களுக்குச் சேமலாப நிதியிலிருந்து விலக்கு உண்டு என்று குழுவில் ஒருவர் சுட்டிக்காட்டினார். விடுதிகளுக்கு விலைப்பட்டியல் அனுப்பும் ஓரிடம் அந்த விலக்கின் நிழலில் ஒதுங்குவது, சட்டம் இடங்கொடுத்தாலும், அழகில்லை என்ற கருத்தே இறுதியில் மேலோங்கியது.

இதன் செலவு சிறியதன்று. 27,000 ரூபாயுடன் 15 சதவீதப் பங்களிப்பைச் சேர்த்தால் ஒருவருக்கு மாதம் 31,050 ரூபாய், மூவருக்கு 93,150. முன்னர் மூவருக்கும் சேர்த்து அடிப்படைக் கொடுப்பனவு 52,500 ரூபாயாகவே இருந்தது. ஜனவரியில் குறைந்த மின்கட்டணம் ஜூனில் மீண்டும் ஏறியதும் இதே காலத்தில்தான். ஊக்கத்தொகையை நிறுத்தி, ஏப்ரலிலிருந்து முழுத் தொகையையும் கொடுப்பதென்று குழு தீர்மானித்தது. மிச்சமிருந்த மாதங்களைச் சேமிப்பிலிருந்து சமாளித்தார்கள்.

பதிவேட்டிலும் புதிய நிரல்கள் வந்தன: வெட்டிய நேரம், ஏற்றிய நேரம், காத்திருந்த நேரம், சோதித்த நேரம். நான்குக்கும் ஒரே மதிப்பு. மாலையானதும் வீடு திரும்ப வேண்டிய கிண்ணியாப் பயிலுநருக்காக இன்னோர் ஏற்பாடும் செய்யப்பட்டது: அருகில் குடியிருக்கும் பாஸ், இரவில் சூளையின் வெப்பமானித் திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார், அதைப் பார்த்து அவர் வீட்டிலிருந்தே குறிப்பேட்டின் பிரதியை நிரப்புவார், அந்த நேரமும் கணக்கில் சேரும். ஏப்ரல் முதல் ஜூலை வரை வாரத்துக்கு இரண்டு ஏற்றங்களுக்கு மேல் நடக்கவில்லை. ஆறிய பின் பிளந்த தகடு அக்காலத்தில் ஒன்றுதான். போத்தல் துண்டொன்றை மிதவைக் கண்ணாடியுடன் வேண்டுமென்றே சேர்த்து உருக்கிய பரிசோதனைத் தகடு அது.

நன்கொடையாளர் அறிக்கையில் தகடுகளின் எண்ணிக்கை குறைந்ததை விளக்க, கூடத்தின் முகாமையாளர் முனைவாக்கத் தாள்களுக்கிடையே எடுத்த இரு படங்களை இணைத்து அனுப்பினார். ஒன்று மார்ச் மாதத்தது, மற்றது மே மாதத்தது. அதற்கு மறுகேள்வி எதுவும் வரவில்லை.

அடுத்த தொகுதி

2026 ஜனவரி 1 முதல் ஆகக்குறைந்த வேதனம் 30,000 ரூபாய் என்பதால், பங்களிப்புகளுடன் ஒருவருக்கு 34,500 ரூபாய் வேண்டும். கூடம் அடுத்த தொகுதியை மூவரிலிருந்து இருவராகக் குறைத்துள்ளது. மூன்றாமவருக்குக் கொடுப்பனவில்லாமல் இடம் தரலாமே என்ற யோசனை குழுவில் வந்து, ஒரே மேசையில் ஒருவருக்குச் சம்பளமும் இன்னொருவருக்கு வெறுங்கையும் என்பது நடவாது என்று கைவிடப்பட்டது. இந்த முடிவால் வாய்ப்பை இழக்கும் அந்த மூன்றாமவர் பெரும்பாலும் நகருக்கு வெளியே உள்ளவராகவே இருப்பார் என்ற ஐயம் எனக்கு உண்டு; ஆகையால் இரண்டு இடங்களில் ஒன்றையாவது நகராட்சி எல்லைக்கு அப்பாலிருந்து வருபவருக்கு ஒதுக்க வேண்டுமென்று பரிந்துரைத்துள்ளேன். குழு இன்னும் அதைத் தீர்மானிக்கவில்லை.

பயிலுநர்களில் பாலையூற்று மாணவர் கல்லூரிக்குத் திரும்பிவிட்டார். மூதூர்ப் பயிலுநர் தன் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு ஆற்றப்படாத கண்ணாடியின் தகைப்பு வண்ணங்களையே பொருளாக எடுத்துக்கொண்டுள்ளார். உடைந்த ஐந்து தகடுகளையும் கூடம் அவருக்குக் கையளித்தது. கிண்ணியாப் பயிலுநர் பல்கலைக்கழக அனுமதி வரும் வரை வாரத்துக்கு மூன்று நாட்கள் சம்பளத்துக்கு வருகின்றார். அவரது பொறுப்பு சூளைக் குறிப்பேடு.